பிரெஞ்சுக்காரருக்குக் கடினமான ஆங்கிலம் எது?

(புதுச்சேரியில் ஆங்கில ஆசிரியர்களும் மாணவர்களும் கூடிய அவையில் ஆற்றிய உரையின் அச்சு வடிவம்)



'உயர்நிலை ஆங்கிலச் சொற்கள்' என்று அட்டையில் போட்டு, தேர்வு எழுதுகிறவர்களுக்காக விற்கிற புத்தகங்களை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். 'டாசிடர்ன்', 'லுகூப்ரியஸ்', 'சோம்னலன்ட்', 'பூசிலானிமஸ்', 'பெர்ஸ்பிகேஷியஸ்' என்று பக்கம் பக்கமாகப் போகும். நம் பிள்ளைகள் அதை உருப்போடுவதற்குள் தாவு தீர்ந்துவிடும். அதே புத்தகத்தைப் பாரிஸிலோ லியோனிலோ பள்ளிப் படிப்பை முடித்த ஒருவரிடம் கொடுத்துப் பாருங்கள். நாலு பக்கம் புரட்டிவிட்டு, "இதில் என்ன கஷ்டம்?" என்று கேட்பார். அத்தனையும் அவர் மொழியில் இருக்கின்றன. 'தசித்துர்ன்' என்றால் வாய் திறக்காதவன், 'லுகூப்ர்' என்றால் இழவு வீட்டுக் களை. இவற்றுக்காக அவர் அகராதி பக்கமே போக வேண்டாம்.

இப்போது இன்னொரு பட்டியலை நீட்டுவோம். 'ஷின்', 'நக்கிள்', 'திம்பிள்', 'லேடில்', 'ட்ரட்ஜ்'. முழங்காலுக்குக் கீழே முன்பக்கம், விரல் முட்டி, தையல்காரர் விரலில் மாட்டிக்கொள்ளும் தொப்பி, குழம்புக் கரண்டி, காலை இழுத்துக்கொண்டு நடப்பது. இங்கிலாந்துக் கிராமத்துச் சிறுவனுக்குத் தெரிந்த சொற்கள். நம் பாரிஸ் நண்பர் இங்கேதான் திருதிருவென்று விழிப்பார்.

நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். பிரெஞ்சு பேசுகிறவருக்கு ஆங்கிலம் தலைகீழாக நிற்கிறது. மற்றவர்களுக்கு உச்சியில் இருப்பது அவருக்குத் தரையில் கிடக்கிறது. மற்றவர்கள் தரையில் பொறுக்கிக்கொள்வதற்கு அவர் ஏணி போட வேண்டியிருக்கிறது. இது தெரியாமல் உலகத்துக்கெல்லாம் எழுதிய பட்டியலை அவர் கையிலும் திணிக்கிறோம்.

இந்த ஊரில் இதைப் பேசக் காரணம் உண்டு. 1954 நவம்பர் முதல் தேதி புதுச்சேரி நிர்வாகம் இந்திய அரசின் கைக்கு வந்தது. பிரெஞ்சில் படித்தவர்கள் மெல்ல மெல்ல ஆங்கிலத்துக்கு மாற வேண்டியிருந்தது. இன்றைக்கும் பிரெஞ்சு வழியில் படித்துவிட்டு ஆங்கிலத்துக்குள் நுழைகிற பிள்ளைகள் இருக்கிறார்கள். முன் வரிசையிலேயே சிலர் உட்கார்ந்திருக்கிறீர்கள்.

வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1066 அக்டோபரில் ஹேஸ்டிங்ஸ் சண்டை. நார்மண்டியின் வில்லியம் ஜெயித்து, அந்த ஆண்டு கிறிஸ்துமஸ் அன்று வெஸ்ட்மின்ஸ்டரில் முடிசூட்டிக்கொண்டார். அரண்மனை, நீதிமன்றம் எல்லாம் பிரெஞ்சு பேசின. வயலும் தொழுவமும் ஆங்கிலம் பேசின. வழக்கு மன்றங்களில் இனி ஆங்கிலத்தில் வாதாட வேண்டும் என்று 1362-ல் ஒரு சட்டம் போட்டார்கள். வேடிக்கை என்னவென்றால், அந்தச் சட்டத்தையே பிரெஞ்சில்தான் எழுதினார்கள். இன்றைக்கும் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் ஒரு மசோதாவுக்கு அரசர் ஒப்புதல் தந்துவிட்டார் என்பதை நார்மன் பிரெஞ்சில் அறிவிக்கும் வழக்கம் இருக்கிறது.

ஃபிங்கென்ஷ்டெட், வோல்ஃப் என்ற இரண்டு அறிஞர்கள் ஆக்ஸ்ஃபோர்டின் சுருக்க அகராதியிலிருந்த ஏறத்தாழ 80,000 சொற்களின் மூலத்தைக் கணக்கிட்டு 1973-ல் வெளியிட்டார்கள். பிரெஞ்சு வழி வந்தவை 28 விழுக்காடு, லத்தீனிலிருந்து வந்தவை இன்னொரு 28, ஜெர்மானிய வேர் உள்ளவை 25. ஆங்கிலம் என்பது உச்சரிப்புக் கெட்டுப்போன பிரெஞ்சுதான் என்று பிரெஞ்சு அரசியல் தலைவர் கிளெமான்சோ கேலி செய்ததாகச் சொல்வார்கள். அந்தக் கேலியையே தலைப்பாக வைத்து 2024-ல் பிரெஞ்சு மொழியியலாளர் பெர்னார் செர்கிலினி ஒரு புத்தகம் போட்டார். ஆனால் இதெல்லாம் அகராதியை எண்ணினால் வரும் கணக்கு. வாயை எண்ணினால் கதை மாறும். ஆங்கிலத்தில் மிக அதிகமாகப் புழங்கும் முதல் நூறு சொற்களை எடுங்கள்: கிட்டத்தட்ட எல்லாமே பழைய ஆங்கிலமும் ஸ்காண்டிநேவியரின் நார்ஸும். பிரெஞ்சுக்காரர் புத்தகத்தில் பாதியை இனாமாகப் பெறுகிறார், பேச்சில் அவருக்குக் கிடைப்பது சொற்பம்.

இந்தப் பங்கீடு எப்படி நடந்தது என்று பார்க்க அடுக்களைக்குப் போகலாம். உயிரோடு இருக்கும்போது மாட்டுக்கு ஆங்கிலப் பெயர், தட்டுக்கு வந்ததும் பிரெஞ்சுப் பெயர் என்று வால்டர் ஸ்காட் 'ஐவன்ஹோ' நாவலில் பன்றி மேய்ப்பவனையும் விதூஷகனையும் பேச வைத்தார். அது பலருக்கும் தெரிந்த உதாரணம். எனக்குப் பிடித்தது வேறு. சமைக்கும் முறைகளைப் பாருங்கள். 'பாயில்', 'ஃப்ரை', 'ரோஸ்ட்', 'ஸ்டியூ', 'போச்' எல்லாம் பிரெஞ்சு. பிரபுவின் சமையற்காரன் கொண்டுவந்தவை. மாவு பிசையும் இடத்துக்கு வந்தால் 'டோ', 'நீட்', 'சிஃப்ட்', 'ஸ்டர்', 'பேக்', 'லோஃப்' எல்லாம் பழைய ஆங்கிலம். கறி வறுக்கும் அடுப்புக்குப் பிரெஞ்சு போனது, ரொட்டி சுடும் அடுப்புக்குப் போகவில்லை. ஆகவே பிரெஞ்சு மாணவர் ஆங்கிலச் சமையல் குறிப்பில் இறைச்சிப் பக்கத்தைக் கடகடவென்று படித்துவிட்டு, ரொட்டிப் பக்கத்தில் தடுக்கி விழுவார்.

இந்த உறவைக் கையாளச் சில சாவிகள் உண்டு. பிரெஞ்சு எழுத்தின் தலையில் ஒரு கூரைக்குறி இருக்கிறதே, அது பெரும்பாலும் செத்துப்போன 'ஸ்' ஒலியின் சமாதி. ஆங்கிலம் கடன் வாங்கியபோது அந்த ஒலி எழுத்தில் உயிரோடு இருந்தது. பிரெஞ்சுக்காரர்கள் பின்னால் உச்சரிப்பில் அதை விட்டுவிட்டார்கள், 1740-ல் பிரெஞ்சு அகாதெமியின் அகராதி எழுத்திலும் பல சொற்களில் அதை எடுத்துவிட்டுக் கூரையைப் போட்டது. அந்த 'ஸ்' ஒலியைத் திருப்பி வைத்தால் போதும்: 'ஃபொரே' ஃபாரஸ்ட் ஆகும், 'ஒப்பித்தால்' ஹாஸ்பிடல் ஆகும், 'கோத்' கோஸ்ட் ஆகும். 'எ' என்று தொடங்கும் 'எக்கோல்', 'எபிஸ்', 'எத்ரான்ஜ்' ஆகியவற்றிலும் அப்படியே: ஸ்கூல், ஸ்பைஸ், ஸ்ட்ரேஞ்ச். இன்னொரு சாவி நார்மண்டிக் கொச்சை. பாரிஸ்காரர் 'க' என்று தொடங்கிய இடத்தில் நார்மன்காரர் 'வ' என்றார். ஆங்கிலம் இருவரிடமும் வாங்கிக்கொண்டது. அதனால்தான் 'வாரன்டி'யும் இருக்கிறது, 'கேரன்டி'யும் இருக்கிறது. 'வார்டன்', 'கார்டியன்' இரண்டும் ஒரே வயிற்றுப் பிள்ளைகள்.

இது நம்மவருக்கு அந்நியமான சங்கதி இல்லை. இந்தி பேசும் ஒருவர் தமிழ் கற்க வருகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். 'ஆரம்பம்', 'சந்தோஷம்', 'விவாகம்' எல்லாம் அவருக்கு முதல் நாளே விளங்கும். தலை துவட்டுவதும் குதிகாலும் விளங்க மாதங்கள் ஆகும். விளங்கிவிட்டதாக நினைப்பதும் காலை வாரும். நம் 'சமாதானம்' அவருக்குத் 'தீர்வு', நம் 'உபன்யாசம்' அவருக்கு 'நாவல்'. நம் 'சம்சாரம்' அவருக்கு 'உலகம்'. "என் சம்சாரம் ஊருக்குப் போயிருக்கிறது" என்று நாம் சொன்னால் அவர் என்ன நினைப்பார்!

பிரெஞ்சு மாணவருக்கு இந்தக் கண்ணிவெடிகள் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. மாக்சிம் கெஸ்லர், ஜூல் தெரொக்கிஞி இருவரும் 1928-ல் ஒரு புத்தகம் எழுதி, இவற்றுக்குப் 'பொய் நண்பர்கள்' என்று பெயர் வைத்தார்கள். ஆங்கிலச் சொற்கள் செய்யும் துரோகம் என்று துணைத் தலைப்பே கொடுத்தார்கள். அந்தப் பெயர் நிலைத்துவிட்டது.

'லிப்ரேரி' என்றால் புத்தகக் கடை, நூலகம் இல்லை என்பதெல்லாம் ஆரம்பப் பாடம். ஒரு தரம் தவறினால் பிறகு தவற மாட்டார்கள். சிரித்துவிட்டுப் போகலாம். எனக்குக் கவலை தருவது சிரிப்பு வராத இடங்கள். பிரெஞ்சில் 'எவான்துயெல்மான்' என்றால் 'தேவைப்பட்டால், ஒருவேளை' என்று பொருள். ஆங்கில 'ஈவென்ச்சுவலி' என்றால் 'கடைசியில் நடந்தே தீரும்'. ஓர் ஒப்பந்தக் கடிதத்தில் "ஈவென்ச்சுவலி பணம் தருவோம்" என்று பிரெஞ்சுக்காரர் எழுதினால், தரலாம், தராமலும் போகலாம் என்று அவர் நினைத்திருப்பார். படிக்கிற ஆங்கிலேயர் வரவில் எழுதிவைத்துவிட்டுக் காத்திருப்பார். 'தெலே' என்றால் பிரெஞ்சில் கெடு, தவணைக் காலம். ஆங்கில 'டிலே' என்றால் தாமதம். உச்சம் 'இனபித்தே'. பிரெஞ்சில் அது ஆள் குடியிருக்காத வீடு. ஆங்கிலத்தில் எழுத்துக்கு எழுத்து ஏறக்குறைய அதே சொல், ஆள் குடியிருக்கும் வீடு.

எனக்குத் தெரிந்த ஒரு வீட்டுக்காரர் மாடியைப் பிரான்சிலிருந்து படிக்க வந்த ஒரு பெண்ணுக்கு வாடகைக்கு விட்டிருந்தார். குளியலறைக் குழாய் ஒழுகியது. அந்தப் பெண் மரியாதையாக ஒரு கடிதம் எழுதி வைத்தாள்: "குழாயைச் சரிசெய்யும்படி உங்களை டிமாண்ட் செய்கிறேன்." அவள் மொழியில் 'தெமாந்தே' என்றால் 'கேட்டுக்கொள்வது', அவ்வளவுதான். வீட்டுக்காரர் கடிதத்தைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்தார். "என்ன சார், ரெண்டு மாசம் கூட ஆகல, பொண்ணு வக்கீல் நோட்டீஸ் விடுது?" விளக்கிச் சொன்னபின் சிரித்தார். குழாயையும் மாற்றிக் கொடுத்தார்.

உயர்நிலைக்கு வந்தபின் இந்தத் துரோகம் இன்னும் நுட்பமாகிறது. பொருள் முழுக்க மாறாது, சாயல் மட்டும் மாறும். ஒருவருக்கு நற்சான்றுக் கடிதம் எழுதுகிறீர்கள். ஆங்கிலத்தில் 'வெர்சடைல்' என்றால் பல கலை தெரிந்தவர், பாராட்டு. அதே எழுத்துக்களில் பிரெஞ்சு 'வெர்சத்தீல்' என்றால் நாளொரு பேச்சு பேசுகிறவர், நம்ப முடியாதவர். துறுதுறுப்பான குழந்தையைப் பிரெஞ்சில் 'பெத்துலான்' என்று கொஞ்சலாம். ஆங்கிலத்தில் 'பெட்யுலன்ட்' என்றால் தொட்டதற்கெல்லாம் முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்கிற பிள்ளை. 'ஃபஸீல்' வெறுமனே 'சுலபம்'. ஆங்கில 'ஃபசைல்' மேலோட்டமான, ஆழம் இல்லாத வாதத்துக்குச் சொல்லும் ஏச்சு. நல்ல மதிப்பெண் வாங்குகிற மாணவர்தான் இங்கே சிக்குவார், ஏனென்றால் சந்தேகமே வராது. சந்தேகம் வராத சொல்லை யார் அகராதியில் பார்ப்பார்கள்?

பிரெஞ்சே தயாரித்து ஆங்கிலம் என்று நினைத்துக்கொண்டிருக்கும் சரக்கும் உண்டு. விருந்துக்குப் போட்டுக்கொள்ளும் கறுப்புக் கோட்டுக்கு அவர்கள் 'ஸ்மோக்கிங்' என்பார்கள். லண்டன் கடையில் போய்க் கேட்டால் வெளியே போய்ப் புகைக்கச் சொல்வார்கள். பிரெஞ்சு எழுத்தாளர் எதியாம்பிள் 1964-ல் இந்தக் கலப்பு மொழியை நார் நாராகக் கிழித்து ஒரு நூலே எழுதினார். அதை இங்கே விரிக்க வேண்டாம்.

இனி சின்னச் சொற்களுக்கு வருவோம். என் பேச்சின் மையம் இதுதான்.

பிரெஞ்சு பேசும் மருத்துவர் ஒருவர் ஆங்கிலம் பேசும் ஊரில் வேலைக்குச் சேர்கிறார். மருத்துவ இதழ்களை அவர் தாய்மொழி மாதிரி படிப்பார். 'டிபியா', 'வெர்டிகோ', 'வாமிட்' எல்லாம் அவர் வீட்டுச் சொற்கள். நோயாளி வந்து உட்கார்ந்து, தன் 'ஷின்' இரவெல்லாம் 'த்ராப்' ஆகிறது, பாதம் 'நம்' ஆகிவிட்டது, எழுந்தால் 'டிஸ்ஸி', காலையில் இரண்டு தரம் 'த்ரோ அப்', கழுத்தடியில் 'இட்ச்' என்று சொல்லிக்கொண்டே போகிறார். எட்டாம் வகுப்பைத் தாண்டாத அந்த நோயாளியின் ஆங்கிலம் மருத்துவருக்கு எட்டவில்லை. வலி என்பது மனிதனுக்கு வேலைக்காரர்கள் பேசிய ஆங்கிலத்தில்தான் வருகிறது. விண்விண்ணென்று தெறிப்பது, மரத்துப்போவது, குமட்டுவது, அரிப்பது. நமக்கும் அப்படித்தான், இல்லையா? யாராவது "எனக்குச் சிரசில் வேதனை" என்று ஆஸ்பத்திரியில் சொல்கிறார்களா?

இதை அந்தக் காலத்திலேயே ஒருவர் கண்டுகொண்டார், ஆனால் எதிர்த்திசையில். 13-ஆம் நூற்றாண்டில் எசெக்ஸ் பகுதியைச் சேர்ந்த வால்டர் ஆஃப் பிப்ஸ்வர்த் என்ற நிலக்கிழார், ஒரு சீமாட்டி தன் பிள்ளைகளுக்குப் பிரெஞ்சு சொல்லிக்கொடுப்பதற்காகச் செய்யுளில் ஒரு சொற்பாடம் எழுதினார். பிரெஞ்சு வரிகளுக்கு இடையே ஆங்கிலத்தில் பொருள் எழுதியிருக்கும். அந்தப் பாடத்தில் என்ன இருக்கிறது தெரியுமா? உடல் உறுப்புகள், துணிமணி, எந்த மிருகம் எப்படிக் கத்தும், நூல் நூற்பது, பீர் காய்ச்சுவது. நீதியும் காதலும் பேசத் தெரிந்த பிள்ளைக்குப் பண்ணையில் நடப்பதைப் பேசத் தெரியாது என்பது அவருக்குப் புரிந்திருக்கிறது. இன்றைய பட்டியல் புத்தகம் எழுதுகிறவர்களுக்குப் புரியவில்லை.

அடுத்த சிக்கல் வினைச்சொற்கள். 'புட்' என்றால் வைப்பது. 'புட் ஆஃப்' தள்ளிப்போடுவது, 'புட் அவுட்' அணைப்பது, 'புட் அப் வித்' சகித்துக்கொள்வது. சகிப்பதற்குப் பிரெஞ்சுக்காரரிடம் 'சுப்போர்த்தே' என்ற சொல் கைவசம் இருக்கிறது. அதை அப்படியே தூக்கி, "ஐ காண்ட் சப்போர்ட் மை பிரதர்" என்பார். அண்ணனைப் பொறுத்துக்கொள்ள முடியவில்லை என்று அவர் அழ, கேட்பவர் அண்ணனுக்குச் சோறு போட வசதி இல்லை போலிருக்கிறது என்று இரக்கப்படுவார்.

இந்த இடத்தில் ஒரு விசித்திரம். 1930-ல் சி. கே. ஆக்டன் என்ற கேம்பிரிட்ஜ் அறிஞர் 'பேசிக் இங்கிலிஷ்' என்று ஒன்றை வெளியிட்டார். உலகம் முழுக்க எளிதில் ஆங்கிலம் கற்க 850 சொற்கள் போதும், அதில் வினைகள் 18 மட்டும். 'என்டர்' என்ற சொல் வேண்டாம், 'கோ இன்' என்று சொல்லிக்கொள்ளலாம். சர்ச்சில்கூட 1943-ல் ஹார்வர்டில் பேசும்போது இந்தத் திட்டத்தைப் புகழ்ந்தார். சொற்களை எண்ணினால் இது எளிமைதான். ஆனால் பிரெஞ்சுக்காரருக்கு 'என்டர்' தாய்ப்பாலோடு வந்தது. 'கோ இன்', 'கெட் ஓவர்', 'டேக் அப்' என்று பதினெட்டு வினைகளை ஒட்டுச் சொற்களோடு சேர்த்துப் போடும் கணக்குத்தான் அவருக்குத் தலைவலி. ஆக்டன் அவருக்கு இலவசமாகக் கிடைத்ததைப் பிடுங்கிக்கொண்டு, விலை கொடுத்து வாங்க வேண்டியதைக் கையில் கொடுத்தார்.

நடப்பதைப் பற்றிய சொற்களைத் தனியாகச் சொல்ல வேண்டும். வினே, தார்பெல்நே என்ற இருவர் 1958-ல் பிரெஞ்சு, ஆங்கில மொழிநடைகளை ஒப்பிட்டு எழுதிய நூல் மொழிபெயர்ப்பாளர்களுக்கு இன்றும் பாடநூல். அவர்கள் காட்டியது இது: ஆங்கிலம், எப்படிப் போனான் என்பதை வினையில் வைக்கிறது, எங்கே போனான் என்பதை ஒட்டுச் சொல்லில் வைக்கிறது. 'ஸ்வாம் அக்ராஸ்', 'லிம்ப்ட் இன்'. பிரெஞ்சு மாற்றிப் போடுகிறது: கடந்தான், நீந்தி. நுழைந்தான், நொண்டிக்கொண்டு. கவனித்தீர்களா? இது அப்படியே தமிழ். 'ஆற்றை நீந்திக் கடந்தான்' என்போம். இந்த விஷயத்தில் பிரெஞ்சும் நாமும் ஒரே கட்சி. பின்னால் லியனார்ட் டால்மி என்ற மொழியியலாளர் உலக மொழிகளையே இந்த அடிப்படையில் வகைப்படுத்தினார்.

இதன் விளைவு என்ன? ஆங்கிலத்தில் நடைக்கு ஏகப்பட்ட வினைகள் குவிந்துகிடக்கின்றன. 'ஸ்ட்ரோல்', 'ப்ளாட்', 'ஸ்டேகர்', 'ஷஃபுள்', 'டிப்டோ', 'ஸ்ட்ரட்'. நாம் 'விறுவிறுவென்று', 'தத்தித் தத்தி', 'அன்ன நடை' என்று முன்னொட்டுப் போட்டுச் சமாளிக்கிறோம். பிரெஞ்சுக்காரர் 'மெல்லிய அடி வைத்து' என்று பின்னொட்டுப் போட்டுச் சமாளிக்கிறார். அவர் எழுதும் ஆங்கிலக் கதையில் எல்லோரும் 'என்டர்', 'எக்ஸிட்', 'டிசென்ட்' செய்துகொண்டே இருப்பார்கள். யாரும் தள்ளாட மாட்டார்கள், பதுங்க மாட்டார்கள். இலக்கணப் பிழை ஒன்றும் இருக்காது. ஆனால் எல்லாப் பாத்திரமும் அரசாங்க உத்தரவின் பேரில் நடமாடுவது போல இருக்கும்.

இதில் ஓர் அநியாயமும் இருக்கிறது. நல்ல ஆங்கில உரைநடை எது என்று தீர்மானிக்கிறவர்கள் நீளச் சொல்லைச் சந்தேகத்தோடு பார்க்கிறவர்கள். ஆங்கில நடை வழிகாட்டி எழுதிய ஃபௌலர் சகோதரர்கள் 1906-லேயே, லத்தீன் வழிச் சொல்லைவிடப் பழைய ஆங்கில வழி வந்த சாக்ஸன் சொல்லைத் தேர்ந்தெடு என்று விதி வகுத்தார்கள். ஆங்கில எழுத்தாளர் ஆர்வெல் 1946-ல் எழுதிய கட்டுரையில் குட்டைச் சொல் போதுமான இடத்தில் நெட்டைச் சொல் வேண்டாம் என்றார். வேறு நாட்டு மாணவர் நெட்டைச் சொல்லைப் போட்டால், பாவம் கஷ்டப்பட்டுப் படித்திருக்கிறார் என்பார்கள். பிரெஞ்சுக்காரர் போட்டால் பகட்டு என்பார்கள். அவர் பகட்டவே இல்லை. அவருக்குத் தெரிந்த எளிய சொல் அதுதான். 'மாலடி' என்று ஆங்கிலத்தில் எழுதினால் பழங்காலக் கவிஞர் மாதிரி தொனிக்கும். அவர் வீட்டில் சளிப் பிடித்தாலும் 'மலதி'தான்.

அகதா கிறிஸ்டியின் ஹெர்க்யூல் பொய்ரோவை நினைத்துப் பாருங்கள். 1920-ல் முதல் நாவலில் வந்த பெல்ஜியத் துப்பறிவாளர். கடினமான தர்க்கத்தையெல்லாம் ஆங்கிலத்தில் அடுக்கிவிட்டு, 'என் நண்பரே', 'நல்லது' என்பதை மட்டும் பிரெஞ்சில் சொல்வார். நிஜத்தில் எந்தப் பிரெஞ்சுக்காரரும் அப்படி இல்லை. 'மை ஃப்ரெண்ட்' என்பது முதல் வாரப் பாடம். ஆனால் வாசகர்களுக்குப் புரிய வேண்டுமே! பொய்ரோவே ஒரு நாவலில் தன் கொச்சை ஆங்கிலம் வேண்டுமென்றே போடும் வேஷம் என்று ஒப்புக்கொள்கிறார், வெளிநாட்டான் என்று நினைத்தால் எதிராளி அசட்டையாக இருப்பானாம்.

சின்னச் சொற்களோடு மல்லுக்கட்டிய நிஜ மனிதர் ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன். ஸ்தெஃபான் மல்லார்மே. கவிஞராகத்தான் அவரை உலகத்துக்குத் தெரியும். வயிற்றுப்பாட்டுக்கு அவர் ஆங்கில வாத்தியார். எட்கர் ஆலன் போவை நன்றாகப் படிக்க வேண்டும் என்பதற்காகவே ஆங்கிலம் கற்றவர். 1862-ல் லண்டன் போனார். திரும்பி வந்து தூர்னோன், பெசான்சோன், அவிஞோன், பாரிஸ் என்று ஊர் ஊராக வகுப்பெடுத்தார். நல்ல ஆசிரியர் என்று பெயரெடுக்கவில்லை. வகுப்பை அடக்கத் தெரியாது என்று கண்காணிப்பாளர்கள் குறிப்பு எழுதினார்கள்.

அவர் 1877-ல் 'ஆங்கிலச் சொற்கள்' என்று ஒரு பாடநூல் வெளியிட்டார். பிரெஞ்சிலிருந்து வந்தவற்றை முதலில் வைத்துச் சுலபமாகத் தொடங்கியிருக்கலாம். அவர் சாக்ஸன் வேர்ச்சொற்களை முதலில் வைத்தார், அதுவும் முதல் எழுத்து வாரியாகக் குடும்பம் குடும்பமாக. ஒவ்வொரு தொடக்க ஒலிக்கும் ஒரு குணம் இருப்பதாக அவர் நம்பினார். 'ஸ்நீர்' என்பது ஏளனச் சிரிப்பு, 'ஸ்நேக்' என்பது பாம்பு. ஆகவே 'ஸ்ந' என்ற தொடக்கமே விஷமம் என்றார், 'ஸ்நோ' மட்டும் விலக்கு என்றும் சொல்லிக்கொண்டார். மொழி வரலாற்று அறிஞர்கள் இதைப் படித்தால் தலையில் அடித்துக்கொள்வார்கள். வரலாறாகப் பார்த்தால் அது தப்புத்தான். ஆனால் ஒரு மாணவனுக்கு 'க்ளீம்', 'க்ளோ', 'க்ளிட்டர்', 'க்ளிம்மர்' என்று ஒளிச் சொற்களை ஒரே கொத்தாகக் கட்டிக் கொடுத்துப் பாருங்கள். நிற்கும். 1930-ல் ஃபர்த் என்ற ஆங்கில மொழியியலாளர் இப்படிப்பட்ட ஒலிக் கொத்துகளுக்கு ஒரு கலைச்சொல்லே உண்டாக்கினார். சின்னச் சொல்லுக்கு வேர் காட்டிப் பாடம் நடத்த முடியாது, அதன் ஓசையைப் பிடித்துத்தான் தொங்க வேண்டும் என்பதை மல்லார்மே கண்டுபிடித்தார். நாலு பிள்ளைகளை அடக்கத் தெரியாத வாத்தியார் கண்டுபிடித்தார்.

காது பற்றி ஒரு வார்த்தை. கண்ணுக்குத் தெரிந்த சொல் காதுக்குத் தெரிவதில்லை. 'கோன்ஃபொர்தாபிள்' என்று பிரெஞ்சுக்காரர் வாழ்நாளெல்லாம் சொன்னது ஆங்கிலத்தில் 'கம்ஃப்டபிள்' என்று சுருண்டு வரும்போது, அது தன் சொந்தக்காரன் என்று அடையாளமே தெரியாது. ஆங்கிலம் ஓர் அசையை ஓங்கி அடித்துவிட்டு மற்றவற்றை விழுங்கும். பிரெஞ்சில் அந்த அடி, சொல்லுக்குச் சொல் இடம் மாறுவதில்லை. பாரிஸில் எம்மானுவேல் துப்பூவும் கூட்டாளிகளும் 1997-ல் வெளியிட்ட ஆய்வில், அழுத்தம் மட்டும் இடம் மாறும் ஒலிகளை ஸ்பானியர்கள் எளிதில் பிரித்தார்கள், பிரெஞ்சுக்காரர்கள் திணறினார்கள்.

இந்த உச்சரிப்புத் தொல்லை பிரெஞ்சு எழுத்தாளர் வோல்தேரையும் விடவில்லை. அவர் 1726-ல் இங்கிலாந்துக்குப் போனார். 'ப்ளேக்' ஓரசை, அதன் கடைசி நாலு எழுத்தும் தனியாக நின்றால் 'ஏக்யூ', அதாவது குளிர்காய்ச்சல், ஈரசை என்று தெரிந்ததும் கோபம் வந்து, இந்த நாட்டில் பாதிப் பேரை ப்ளேக் கொண்டுபோகட்டும், மீதிப் பேரைக் குளிர்காய்ச்சல் கொண்டுபோகட்டும் என்றாராம். இது கதை. ஆனால் அவர் படித்த விதம் கதை இல்லை. ட்ரூரி லேன் நாடக அரங்கில், வசனம் எடுத்துக் கொடுப்பவரிடம் அன்றைய நாடகப் பிரதியை வாங்கிக்கொண்டு, அதைக் கையில் வைத்தபடி மேடையைக் கேட்பார். அடுத்த ஆண்டே, 1727-ல், ஆங்கிலத்தில் கட்டுரை எழுதி அச்சிட்டார். இன்றைக்கு நீங்கள் திரையில் ஆங்கில வசனத்தை ஓடவிட்டுப் படம் பார்க்கிறீர்களே, அதே வித்தைதான்.

மாணவர்களுக்கு நான் சொல்வது: அந்தப் பட்டியல் புத்தகத்தைப் பழைய புத்தகக் கடையில் போட்டுவிடுங்கள். உங்கள் பணம் ஆங்கிலச் சமையல் குறிப்பிலும், தோட்ட வேலை நூலிலும், குழந்தைக் கதையிலும், கிறிஸ்டியின் நாவலிலும் போகட்டும். இருமொழி அகராதி உங்களுக்குப் பெரும்பாலும் உங்கள் மொழி உறவினரையே முதலில் காட்டும். ஆகவே கற்போருக்கான ஆங்கில அகராதியை வைத்துக்கொள்ளுங்கள். 1987-ல் வந்த கோபில்ட் போன்றவை சொல்லை முழு வாக்கியத்தில் வைத்துப் பொருள் சொல்கின்றன. தெரிந்த சொல் என்று தோன்றுகிறதா, அதைத்தான் முதலில் தேடிப் பாருங்கள். தெரியாத சொல் எப்படியும் உங்களைத் தேட வைத்துவிடும்.

ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். பிரெஞ்சு வழியில் வந்த மாணவரின் கட்டுரையைத் திருத்தும்போது 'அக்குயிசிஷன்', 'இன்ட்ரெபிட்' போன்ற சொற்களைப் பார்த்து அசந்து மதிப்பெண்ணை அள்ளிப் போடாதீர்கள். அவை அவர் உழைத்துச் சேர்த்தவை இல்லை. 'ஷ்ரக்', 'ஸ்லாம்', 'கெட் பை' என்று ஒன்றைச் சரியான இடத்தில் போட்டிருந்தால், அதற்குக் கீழே சிவப்பு மையால் ஒரு கோடு இழுத்து, மதிப்பெண்ணை அதற்குப் போடுங்கள்.